பிள்ளைக்கூடத்திலிருந்து இரண்டு தளம் மேலே

பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்ப, சகாயமேரி, வழி சொன்னால் தானே நகரும் ஏறுகூண்டில் உட்கார்ந்து வழக்கம்போல வழி சொன்னாள். "ரெண்டு தளம் மேல, இடது பக்கம், கடைசிக் கதவு." கூண்டு கிளம்பியது. குழந்தைக்குத் தனிக் கூண்டு, தொற்று வந்துவிடக்கூடாதாம். அவள் சொன்ன அதே வழியைத்தான் அதற்கும் ஏற்றியிருந்தார்கள்.

கடல்மேல் அடுக்கடுக்காக நிற்கும் அந்த நகரத்தில் யாருக்கும் விலாசம் கிடையாது. அதாவது, நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது. நிற்கிற இடத்திலிருந்து எத்தனை மேலே, எத்தனை கீழே என்ற சார்புப்பாதை மட்டும்தான். அடிவாசலில் தொடங்கி வீடுவரை முழுதாகச் சொல்லும் மூலப்பாதை, உச்சித் தளத்துப் பெரிய மனிதர்களுக்கு. கம்ப்யூட்டருக்குள் கோப்பு தேட வைத்திருந்த முறையை மனிதர் தலையில் கட்டியதோடு, அதிலும் மேல் கீழ் பார்த்த வெட்கங்கெட்ட ஏற்பாடு அது.

வீட்டு வாசலில் குழந்தையின் கூண்டு இல்லை. போக்குவரத்து அதிகாரி தணிகைவேலைக் கருவியில் அழைத்தாள்.

"பாதை சரியாத்தாம்மா இருக்கு. போய்ச் சேர்ந்திடுச்சுன்னு காட்டுது."

"எங்கய்யா சேர்ந்துச்சு?"

"ரெண்டு தளம் மேல, இடது பக்கம், கடைசிக் கதவு."

"எங்கயிருந்து ரெண்டு தளம்?"

புறப்பட்ட இடத்தைப் பதிந்து வைக்கும் வழக்கமே அங்கே இல்லை.

அவளுக்குச் சட்டென்று பொறிதட்டியது. குழந்தையின் கூண்டு கிளம்பியது, பிறந்த குழந்தைகளை வைக்கும் பிள்ளைக்கூடத்திலிருந்து; அது அவள் படுத்திருந்த வார்டுக்கு ஒரு தளம் மேலே. அங்கிருந்து இரண்டு தளம் என்றால் குழந்தை தன் வீட்டுக்கு நேர் மேலே! தையல் வலியையும் பாராமல் படியேறி ஓடினாள். அந்தத் தளத்தின் கடைசிக் கதவு, மீன் வைக்கும் குளிர்கிடங்கு. பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே கூண்டு நின்றது. அங்கே கிடந்த இரும்புக் கம்பியால் கூண்டின் கண்ணாடியை உடைத்துப் பிள்ளையை வாரியெடுத்தாள். மூச்சு இருந்தது, அழுகை இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"டாக்டரை அனுப்புங்கய்யா!" கருவியில் தணிகைவேலிடம் கத்தினாள்.

"உடனே அனுப்புறேம்மா. வழி சொல்லுங்க."

"டாக்டர் இப்ப எங்க நிக்கிறாரு?"

"அது தெரியாதும்மா. அவர் நிக்கிற இடத்துலயிருந்து நீங்க வழி சொன்னாத்தான் கூண்டு நகரும்."

"அடப்பாவிகளா! உச்சித் தளத்து நாய்க்குட்டிக்குக்கூட விலாசம் வச்சிருக்கீங்களே. எம்புள்ள சாகக் கிடக்குற இடத்துக்கு ஒரு பேரு வச்சீங்களாய்யா?"

கருவியை வீசியெறிந்துவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்தபடி மருத்துவமனையை நோக்கிப் படியிறங்கி ஓடினாள். கிடங்குத் தரையில் கிடந்த கருவி, வழி சொல்லும்படி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.