முன்பாதியும் பின்பாதியும்

ஆந்திர எல்லையோரம் நாகலாபுரத்தைத் தாண்டி, வயலுக்கு நடுவே இருந்த ஓட்டு வீட்டின் முன்னால் ஹேமநாத்தின் கார் நின்றபோது உச்சி வெயில். காரின் கதவில் ‘ஹேமநாத் அண்டு சன்ஸ், 1948 முதல்’ என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. ஹேமநாத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. 1948இல் அவனுடைய அப்பாவே பிறந்திருக்கவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை போனபிறகு புத்தூரில் ஒரு ஷெட் போட்டு, பழைய சைக்கிள் பிரேம்களை அறுத்து ஒட்டி, வசதியானவர்களுக்குப் புதுச் சைக்கிள் செய்து கொடுக்கும் தொழிலைப் போன வருஷம்தான் ஆரம்பித்திருந்தான். ஆனால் பழைய பொருள் விற்கிறவன் பழைய ஆளாகத் தெரிய வேண்டும் என்பது அவன் கொள்கை. அதற்காக மீசையை மெழுகு போட்டு முறுக்கியிருந்தான். வெயிலில் மெழுகு உருகி, மீசை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

கூட வந்தவன் தேவேந்திரன். ஹேமநாத்தின் மனைவி ஷோபாவுக்குத் தம்பி. ஷெட்டில் அறுப்பது, ராவுவது, பற்றவைப்பது எல்லாம் தேவேந்திரன். விசிட்டிங் கார்டில் ‘கலைஞன்’ என்று போட்டுக்கொள்வது ஹேமநாத்.

வீட்டுக்காரி கன்னியம்மாள் அவர்களை மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப் போனாள்.

உள்ளே இருட்டு. மாட்டு மூத்திர வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, செப்புக்காசை நாக்கில் வைத்த மாதிரி. உத்தரத்திலிருந்து ஒரு சைக்கிள் பிரேம் தலைகீழாகத் தொங்கியது. சக்கரம் இல்லை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கும் இல்லை. பின்புறக் குழாய்கள் நசுங்கிச் சப்பையாகியிருந்தன. மாடுகள் மூன்றும் கொட்டகையின் மறுகோடியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பிரேமுக்குக் கீழே ஒரு சாணித் துளிகூட இல்லை.

"போர்க்கு எங்க பெரிம்மா?" என்றான் ஹேமநாத்.

"எங்க ஊட்டுக்காரரோட பொதைச்சிட்டோம். வெட்டுப்பட்டு செத்தவங்க சைக்கிள இந்தப் பக்கம் அப்டித்தான் பண்றது. போர்க்க கழட்டி, தலைகீழா கட்டி வுட்ருவோம். இல்லன்னா அது ஆளைத் தேடிக்கினு கெளம்பிரும்."

"இத்தினி வருசம் வெச்சிருந்துட்டு இப்ப எதுக்கு குடுக்கறீங்க?" என்று தேவேந்திரன் கேட்டான்.

"எம்மவன் கொட்டாய இடிக்கப் போறான். உங்க மாமா சுவத்துல மாட்டி வெப்பேன்னு போன்ல சொன்னாரு. மாட்டி வெச்சா போதும். ஓடற மாரி மட்டும் பண்ணாத நைனா."

ஹேமநாத் நெஞ்சில் கை வைத்தான். "சுவத்துலதான் பெரிம்மா. சத்தியமா."

கார் கிளம்பியதும் சிரித்தான். "சுவத்துல மாட்றதுக்கு நான் இன்னா காலண்டரா விக்கறேன்?"

*

ஷெட்டில் ஏற்கெனவே இன்னொரு பிரேம் கிடந்தது. நகரியில் கன்னையாவின் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. அதற்கு முன்பக்கம் நசுங்கியிருந்தது, பின்பக்கம் முழுசு. நாகலாபுரத்துப் பிரேமுக்குப் பின்பக்கம் நசுங்கல், முன்பக்கம் முழுசு. இரண்டையும் நடுவில் அறுத்து, நல்ல பாதிகளை ஒட்டினால் ஒரு முழுச் சைக்கிள். ஹேமநாத்துக்கு ஆனந்தம். இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ‘பிறவிப் பொருத்தம்’ என்று எழுதி உலகத்துக்கு அனுப்பினான்.

பொருத்தம் உண்மையில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. குழாயோடு குழாய் முடியிழை பிசகாமல் சேர்ந்தது. தேவேந்திரன் பித்தளைக் கம்பியை உருக்கி இணைப்பில் விட்டபோது, வழக்கமாக வெளியே வழியும் பித்தளை, உறிஞ்சியது போல உள்ளே போயிற்று. குழாய்க்குள் ஒரு சத்தம் கேட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் மூச்சை இழுக்கிற சத்தம்.

"காத்துடா. சூட்டுல காத்து விரியும்," என்றான் ஹேமநாத். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விஞ்ஞானம் இருந்தது.

பெயின்ட் அடித்து, புதுப் போர்க்கு போட்டு, சக்கரம் பூட்டி, செயின் மாட்டினார்கள். ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளின் செயினைத் தேவேந்திரன் துடைத்துக்கொண்டிருந்தான். பெடலை யாரும் தொடவில்லை. பின்சக்கரம் திடீரென்று சுற்றியது. துணியோடு சேர்த்து அவன் கட்டைவிரலைப் பல்சக்கரம் கவ்வி இழுத்தது. அவன் அலறிக் கையைப் பிடுங்கியபோது நகம் செயினிலேயே தங்கிவிட்டது. அதைச் சுமந்துகொண்டு செயின் இன்னும் ஒரு சுற்று போய் நின்றது.

ஹேமநாத் ஓடி வந்து பெயின்டைப் பார்த்தான். நல்லவேளை, அது குங்குமச் சிவப்பு.

*

விரலில் கட்டோடு தேவேந்திரன்தான் முதலில் ஓட்டினான். நகரி போகிற ரோட்டில், வெயில் தாழ்ந்த நேரம். எதிரே தறிநூல் மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று போயிற்று. அப்புறம் ரோடு காலி.

சைக்கிள் வெண்ணெய் போல ஓடியது. புளியமர வரிசை வந்ததும் பின்னால் யாரோ மிதித்து வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. மறுபடி மிதித்தான். மறுபடி அதே மூச்சு, பிடரிக்குப் பக்கத்தில். சாராய வாடை அடித்தது.

வேகமாக மிதித்தான்.

மூச்சும் வேகமானது.

அவனுக்குத் தெரியாமல் அவன் வாய் பேச ஆரம்பித்தது. "வேணாம்டா. வேணாம்டா. மடைய நீயே தொறந்துக்கோ." அது அவன் குரல் இல்லை. வயதானவர் ஒருவரின் குரல். எந்த மடை, யாருடைய மடை என்று அவனுக்குத் தெரியாது. ஹேண்டில்பார் தப்பித்து ஓடத் துடிக்கிற ஆட்டின் கொம்பு போல அவன் கைக்குள் நடுங்கியது. இருக்கைக்குக் கீழே ஏதோ அவனை முட்டித் தள்ளிக்கொண்டே வந்தது.

பிடரியில் சில்லென்று ஒரு கோடு விழுந்தது.

தேவேந்திரன் சைக்கிளோடு பள்ளத்தில் பாய்ந்தான். முள்ளில் கிழிந்து, மண்ணைத் துப்பி எழுந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. கழுத்தின் பின்புறம் ஒரு மயிரளவு வெட்டு, காதிலிருந்து காது வரை. பின்சக்கரம் மட்டும் அவனைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஷோபா மஞ்சள் வைத்து அழுத்தினாள். "முள்ளு கீறினா இப்டி கோடு போட்ட மாரியா கீறும்?"

"காலர்ல கஞ்சி ஜாஸ்தி," என்றான் ஹேமநாத்.

*

கன்னையா பழைய மணி ஒன்றைக் கொடுப்பதற்காக ஷெட்டுக்கு வந்தவன், சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பின்னாடி நம்ம கடைச் சரக்கு. தமிழரசு சைக்கிளு. முன்னாடி எங்க புட்ச்சீங்க சார்?"

"நாகலாபுரம் பக்கம். கன்னியம்மாள்னு ஒரு பெரிம்மா."

கன்னையா டீ கிளாஸைக் கீழே வைத்தான். "முனிரத்தினம் பொண்டாட்டியா?"

"அவங்க ஊட்டுக்காரரை யாரோ வெட்டிட்டாங்களாம்."

"வெட்டினதே தமிழரசுதான் சார். பங்காளிங்க. ஏரி மடை தொறக்கற சண்டை. முனிரத்தினம் சைக்கிள்ல போய்க்கினு இருந்தாரு. இவன் தொரத்திக்கினு வந்து, வந்த வேகத்துல பின்னாடி இட்ச்சான். அவருக்கு பின்னாடி நசுங்கிச்சி, இவனுக்கு முன்னாடி நசுங்கிச்சி. அவரு எழுந்து ஓடறதுக்குள்ள கழுத்துல போட்டான். அன்னிக்கே இவனும் கெணத்துல குதிச்சிட்டான்."

தேவேந்திரனின் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று.

கன்னையா குரலைத் தாழ்த்தினான். "நசுங்காத பாதிய எட்த்து ஒட்டி வெச்சிருக்கீங்க. ஓடறவரு முன்னாடி, தொரத்தறவன் பின்னாடி. இனிமே எத்தினி மிதி மிதிச்சாலும் அவரு தப்ப முடியாதே சார்."

ஹேமநாத்தின் கண்கள் கலங்கியிருந்தன.

"இது," என்றான், "இதாண்டா ஸ்டோரி."

அன்று மாலைக்குள் அந்த ஸ்டோரி வழவழப்பான அட்டையில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் அச்சாகிவிட்டது. தலைப்பு: ‘இரு ஆன்மாக்கள், ஒரு பயணம்’. வெட்டு, கழுத்து, கிணறு எல்லாம் எடுக்கப்பட்டு, ‘ஒரு நீர்வளப் பிணக்கு’ என்று நாகரிகமாகச் சொல்லப்பட்டிருந்தது.

மறுநாள் ஹேமநாத் வெளியே போயிருந்தபோது ஷோபாவும் தம்பியும் ரம்பத்தோடு ஷெட்டுக்குள் போனார்கள். "ஒட்டின எடத்துலயே அறுத்துருடா," என்றாள் அவள். பித்தளையில் ரம்பம் பதிந்ததும் கொழகொழவென்று துருத் தண்ணீர் கசிந்தது. செப்புக்காசு வாடை. இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் ஹேமநாத் வந்துவிட்டான்.

அவன் ரம்பத்தைப் பிடுங்கி எறிந்தான். ஷோபாவின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் தள்ளினான். அவள் தலை இரும்பு அலமாரியில் மோதியது.

"திருப்பதில பழைய சைக்கிள் ஷோ. சங்கத் தலைவர் வர்றாரு. அழைப்பிதழ் குடுத்தாச்சி. என் மானத்த வாங்கறதுக்கு அக்காவும் தம்பியும் ரம்பம் எட்த்துக்கினு வந்துட்டீங்க."

"இன்னொரு வாட்டி அதுல ஒக்காந்தா எந்தம்பி கழுத்து இருக்காதுங்க."

"உந்தம்பி ஒக்கார வேணாம். நான் ஓட்றேன்."

ஷோபா நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். தள்ளியவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கை கூப்பினாள். "நீங்களும் வேணாங்க."

ஹேமநாத் கண்ணாடியில் மீசையைச் சரி செய்துகொண்டிருந்தான்.

*

திருப்பதி ஹோட்டல் ஒன்றின் புல்வெளி. பின்னால் மலை, முன்னால் பேனர். ஏதோ பாரம்பரியச் சங்கத்தின் தலைவர் குளிர்பதனக் காரில் வந்திறங்கி, காரே ஓட்டக்கூடாது என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் தெலுங்கில் பேசினார். சால்வைகள் போர்த்தப்பட்டன. போர்த்தியவருக்கும் ஒரு சால்வை போர்த்தப்பட்டது. அப்புறம் ஹேமநாத், வெள்ளைக்காரத் துரை போல வெயிஸ்ட்கோட்டும் தொப்பியும் அணிந்து, சிவப்புச் சைக்கிளில் ஏறினான்.

ஷோபாவும் தேவேந்திரனும் கடைசி வரிசையில் நின்றார்கள்.

முதல் சுற்று. கைதட்டல். தொப்பியைத் தூக்கி வணங்கினான்.

"இங்கோ ரவுண்ட் சார்," என்று இன்னொரு சுற்றுக் கேட்டார் போட்டோகிராபர்.

இரண்டாவது சுற்றில் அவன் கால்கள் பெடலை மிதிக்கவில்லை. பெடல்தான் அவன் கால்களை மிதித்தது. ஹேமநாத் திரும்பிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். தொப்பி விழுந்தது. இரண்டு பிரேக்கையும் கைப்பிடியோடு சேர்த்து நெரித்தான்.

சக்கரம் அதை மதிக்கவில்லை.

"வேணாம்டா," என்றது அவன் வாய். "மடைய நீயே தொறந்துக்கோ."

"அக்கா," என்றான் தேவேந்திரன். ஷோபா அதற்குள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

வெயிஸ்ட்கோட்டின் தோள் திறந்துகொண்டது, தையற்காரன் கத்தரித்த மாதிரி நேராக. ஒரு நொடி வெள்ளைச் சதை. பிறகு சிவப்பு. மைக் பிடித்தவர், "நடிப்பும் பிரமாதம்," என்று அறிவித்தார். கூட்டம் ஆரவாரித்தது. இடது கையை உயர்த்தி எதையோ தடுக்கப் பார்த்தான் ஹேமநாத். கை பாதியில் தொங்கியது. வலது கையில் அடுத்த வெட்டு விழுந்தது. கை கீழே நழுவியது. நான்கு விரல்கள் மட்டும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன.

பின்னால் ஒருவரும் இல்லை. நல்ல வெயில். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கழுத்து. ஒரு தடவையில் முடியவில்லை.

தலை ஒரு பக்கம் தொங்க, அவனைச் சுமந்துகொண்டு சைக்கிள் நிதானமாக அரைச் சுற்று வந்து, தலைவரின் முன்னால் சாய்ந்தது. சால்வைகளின் மேல் சூடாகத் தெறித்தது. தட்ட ஆரம்பித்துவிட்ட கைகள் என்பதால் தலைவர் இன்னும் இரண்டு தட்டு தட்டினார்.

*

கூரான ஆயுதத்தால் பல வெட்டு என்று டாக்டர் எழுதினார். ஆயுதத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று அத்தனை பேரும் எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் சைக்கிளை எடுத்துப் போய், ஸ்டேஷன் ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியது.

புத்தூரில் எரித்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளிக்கக் காலையில் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வரக்கூடாது என்று பங்காளிகள் சொன்னார்கள். ஷோபா நெற்றிக் கட்டோடு முன்னால் நடந்தாள்.

இரவு மழை பெய்து தரை சேறாக இருந்தது. சாம்பல் மேட்டைச் சுற்றி ஒரு டயர் தடம். ஒரு சுற்று இல்லை, சுற்றின்மேல் சுற்றாக, செக்கு மாடு சுற்றின மாதிரி. வெளியிலிருந்து வந்த தடமும் இல்லை, வெளியே போன தடமும் இல்லை.

தேவேந்திரன் தள்ளிப் போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான். திரும்பி வந்து, மெல்லச் சொன்னான். "சைக்கிளு அங்கியே தான் இருக்குதாம்க்கா. பூட்டு பூட்டின மாரியே."

ஷோபா டயர் தடத்தைப் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் போன தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறுங்கால் தடம். ஓடுகிறவன் தடம் என்றால் ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால் விழும். இது அப்படி இல்லை. இரண்டு பாதமும் ஒட்டினாற்போல, ஜோடி ஜோடியாக, தாவித் தாவிப் போயிருந்தது. ஒவ்வொரு தாவலிலும் விரல்கள் சேற்றில் ஆழமாகப் புதைந்திருந்தன. ஹேமநாத்தின் உடம்பைக் கிடத்தியபோது கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியது அவள்தான்.

சுற்றுக்குச் சுற்று டயர் தடம் அந்தப் பாதங்களை நெருங்கி வந்திருந்தது.

கடைசி ஜோடித் தடம் அவள் காலடியில் இருந்தது. அதற்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.