கட்டில் காலுக்குத் தண்ணீர்

எறும்புகள் சீனி டின்னைத் தாண்டிப் போயின. மூடி சரியாகப் பொருந்தாத டின் அது. சுற்றிலும் காலையில் சிந்திய சீனி வேறு கிடந்தது. ஆனாலும் ஒன்றுகூட அங்கே நிற்காமல், மேசைக்காலில் இறங்கி, குசினிப் பலகைத் தரையைக் குறுக்காகக் கடந்து, பின்வாசலில் பூனை நனைத்துவிட்டுப் போயிருந்த சாக்குத் துண்டை நோக்கிக் கறுப்பு நூலாக ஓடிக்கொண்டிருந்தன. திலகம் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். சாக்கு முழுக்க எறும்பு அப்பியிருந்தது. "விசர் பிடிச்ச எறும்புகள்," என்று முணுமுணுத்துவிட்டு டின்னைத் துடைத்து மூடி வைத்தாள்.

சாப்பிட வந்த கணவரிடம் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். சோமசேகரம் சிரிக்கவில்லை. சிங்கப்பூருக்கு வடக்கே, குளுவாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் காயம் கட்டி மருந்து கலக்கிற டிரஸர்; டாக்டர் மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்க்கிற இடத்தில் டிரஸர்தான் டாக்டர். கைகழுவாமலே எழுந்து போய்ச் சாக்கைத் தட்டில் பிழிந்தார். முன்னறையிலிருந்த மருந்து அலுமாரியைத் திறந்து, நீலத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் விட்டு, பூனையின் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. திலகத்துக்கு அது வாணவேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. போத்தல் பாதிக்கு மேல் காலியாக இருந்ததைக் கண்டாள். யாருக்காகக் காலியாயிற்று என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

"சீனி வருத்தம்," என்றார். "மூத்திரத்திலை சீனி போகுது. வயசு போன கொழுத்த பூனையளுக்கு வரும்."

"ஐயோ பாவம். மருந்து இல்லையோ?"

"ஊசி ஒண்டு வந்திருக்கு. சிங்கப்பூரிலை பெரிய ஆஸ்பத்திரியிலை மனுசருக்குப் போடீனம்." குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பூனைக்கு ஆர் போடுறது?"

பூனையின் பெயர் சின்னத்துரை. தோட்டத்து உதவி மானேஜர் வெள்ளைக்காரனைச் சனம் அப்படித்தான் கூப்பிடும். அந்த மனுசனைப்போலவே இதுவும் வெயில் ஏறும்வரை எழும்பாது, எழும்பினால் எல்லாரையும் முறைக்கும். செம்பட்டை நிறம், இந்த நாட்டுப் பூனைகளுக்கே உரிய முறுக்கிய குட்டை வால். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, பேச ஒரு சொந்தம் இல்லாமல், ரப்பர்ப் பால் புளித்த நாற்றத்துக்கும் புகைக்கூட்டு வாடைக்கும் நடுவில் குந்தியிருந்தவளுக்கு வாய்த்த ஒரே பிள்ளை அதுதான். இரவில் அவள் கால்மாட்டில் சுருண்டுகொள்ளும்.

அதனால்தான் அன்று பின்னேரமே சோமசேகரம் நாலு எனாமல் கிண்ணங்களைக் கொண்டுவந்து கட்டிலின் நாலு காலுக்கும் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றினார். சாப்பாட்டு அலுமாரிக்கு எறும்பு ஏறாமல் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்; கட்டிலுக்குச் செய்து அவள் கண்டதில்லை. "சின்னத்துரை உம்மடை காலடியிலைதானே படுக்குது. எறும்பு உம்மையும் கடிக்கும்," என்றார். எந்த ஆம்பிளை இவ்வளவு யோசிப்பான் என்று அவளுக்கு உருகிவிட்டது. ஒரு வருசமாக அவளுக்கு உள்ளங்கால் இரண்டும் தணலில் வைத்தமாதிரி எரிந்தபோதும் இவர்தான் பார்த்தார். ஒரு வெள்ளைத் தூளைத் தேநீரில் கலந்து, பல்லுக்கு நல்லது என்று சீனியையும் நிறுத்தி, தன் கையாலேயே பருக்குவார். இப்போது எரிவே இல்லை. கால் இருப்பதே தெரியாத சுகம். அவள் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

மழை பிடித்துக்கொண்ட மார்கழியில் ஒரு மத்தியானம், சோமசேகரம் பூனையைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். ஆஸ்பத்திரிக் கதவு காற்றுக்கு அடித்துப் பின்னங்கால் முறிந்துவிட்டதாம். படி தாண்டாத பூனை அந்த மழையில் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போனது என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அது கத்திய கத்தலில் எல்லாம் மறந்துபோயிற்று. குழந்தையின் அழுகையில் தொடங்கி, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் முடிந்த கத்தல்.

"என்ரை தூளிலை கொஞ்சம் குடுங்கோவன்," என்று கெஞ்சினாள். "எனக்கு எவ்வளவு சுகமாயிருக்கு."

"பேசாமல் இரும்." அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. உடனே தணித்துக்கொண்டார். "ஆஸ்பிரின் பூனைக்கு நஞ்சு. அபின் குடுத்தா வெறி பிடிச்சுச் சுவரிலை ஏறும். சீனி வருத்தமும் இருக்கு, சாப்பிடாமல் மயங்கிக் கிடந்தா அதோடை போயிடும். எவ்வளவு குடுத்தா நோகாது, எவ்வளவு குடுத்தா எழும்பாது எண்டு மெல்ல மெல்லத்தான் பாக்க வேணும். அவசரப்படக் கூடாது."

பூனையை முன்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். குளிர்ந்த கை பட்டால் நோகும், உள்ளே வரவேண்டாம் என்றார். அதன் பிறகு அவள் அந்த அறையைக் காதால்தான் அறிந்தாள். தகரக் கூரையில் மழை ஓய்கிற இடைவெளிகளில் குழவி கல்லில் அரைபடும் சத்தம் வரும். கரண்டி கண்ணாடியில் தட்டும். ஒருநாள் விடியும்வரை முனகல்; அடுத்த நாள் ஏதோ ஒன்று சுவரோடு மோதி மோதி ஓடும் சத்தம்; அதற்கடுத்து ஒரு சத்தமும் இல்லை. கதவிடுக்கால் எலுமிச்சையும் ஸ்பிரிட்டும் கலந்த வாசம் வரும், அதற்கு அடியில் பழுத்து அழுகும் பழத்தின் இனிப்பு. அவர் வெளியே வரும்போது முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். "இண்டைக்கு நல்லாச் சகிக்குது," என்பார். பிறகு அவளுக்குத் தேநீர் கலப்பார்.

தோட்டக் கூலிகளின் லயத்திலிருந்து பாத்திரம் கழுவ வருகிற பேச்சியம்மாள்தான் ஒருநாள் கட்டிலடியைக் கூட்டும்போது கேட்டாள்.

"ஏம்மா, பூனைதான் இங்க படுக்கலயே. கிண்ணத்துல தண்ணி புதுசா ஊத்தியிருக்கு?"

திலகம் குனிந்து பார்த்தாள். நாலு கிண்ணத்திலும் தெளிந்த தண்ணீர் விளிம்புவரை நின்றது. விளிம்புக்கு வெளியே, கட்டிலைச் சுற்றிச் சுற்றி, ஏற வழி தேடிக்கொண்டு எறும்புகள்.

"ஐயா ஊத்தியிருப்பார்," என்றாள். நாக்கு வறண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வறளுகிற நாக்கு.

"பூனை மேல ஐயாவுக்கு உசிருமா. அன்னைக்குக் கூடத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அது கண்ண மூடிக்கிட்டு ஜம்முன்னு படுத்துக்கிட்டுப் போச்சு. போய் கொஞ்ச நேரத்துல இப்பிடி ஆயிடுச்சுன்னு சொல்றாங்க." பேச்சியம்மாள் குப்பையை வாரினாள். "மேசையில டீ ஆறிப்போவுது. ஐயா கலந்து வச்சுட்டுப் போனாங்க, மறக்காம குடிக்கச் சொன்னாங்க."

பேச்சியம்மாள் மழைக்கு முன் வீடு சேர வேண்டும் என்று புறப்பட்டுவிட்டாள். திலகம் பழக்க தோசத்தில் தேநீரைக் குடித்து முடித்தபோதுதான், கேட்ட வார்த்தை உள்ளே இறங்கியது. தோளில் போட்டுக்கொண்டு போனார். குனிந்து கோப்பைக்குள் பார்த்தாள். கோப்பையின் அடியில் படிந்திருந்த வெள்ளை வண்டல் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது.

வெளியே பின்னேரமே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கோ ஸ்டேசனில் ரயில் கூவிற்று. வீட்டுக்குள் அவள் மூச்சும், மழையின் முதல் துளிகளும், பிறகு இன்னொரு சத்தமும். முன்னறைக்குள் ஏதோ நடந்தது. டக் என்று ஒரு சத்தம், பிறகு ஒரு இழுப்பு. டக். இழுப்பு. கதவு பூட்டியிருக்கவில்லை. அவள் உள்ளே போகமாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

சின்னத்துரை அறையை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டு அவிழ்ந்துபோய், முறிந்த கால் பின்பக்கம் மடிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வந்த எலும்பு பலகையில் தட்டியது. அதுதான் டக். கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பு. காலில் எறும்பு. வயிற்றில் எறும்பு. அது நிற்கவில்லை, நக்கவில்லை, உதறவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் மடியில் படுத்திருக்கும்போது எழுப்புகிற அதே உறுமல், சுகத்தில் வருகிற உறுமல்.

அவள் பின்னால் சாய்ந்ததில் அலுமாரித் தட்டு ஆடி, கண்ணாடிக் குழாய்கள் உருண்டு விழுந்து நொறுங்கின. உடையாமல் ஸ்டாண்டில் நின்றவை இரண்டு. இரண்டுமே செங்கல் நிறம்.

ஒன்று பூனையுடையது. மற்றது?

திலகம் ஓடினாள். எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் படுக்கையறைக்கு ஓடி, கட்டிலடியில் தள்ளியிருந்த தன் மூத்திரச் சட்டியை வெளியே இழுத்தாள். சட்டியின் வெள்ளை தெரியவில்லை. உள்ளே, வெளியே, மூடியில் எல்லாம் எறும்பு.

பாவி. சீனியை நிறுத்தினது பல்லுக்கல்ல. கிண்ணம் பூனைக்கல்ல. அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டு, கடலைத் தாண்டி, இந்த மனுசனை நம்பித்தானே வந்தாள். பூனையின் காலை முறித்து, அதிலே அளந்து பார்த்திருக்கிறார். அடுத்து யாருக்கு அளக்க?

போக வேண்டும். பேச்சியம்மாளின் லயத்துக்கு. எழும்ப முயன்றாள். முழங்கால் கேட்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தன்னை இழுத்து உட்காரவைத்தாள். தேநீர் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

படியில் செருப்புச் சத்தம். குடையை உதறும் சத்தம். முன்னறை வாசலில் ஒரு கணம் நின்றது. பிறகு சோமசேகரம் விளக்கோடு உள்ளே வந்தார். கோபமில்லை. வருத்தம்கூட இல்லை. விளக்கை வைத்துவிட்டு அவள் முன்னால் குந்தினார்.

"எப்ப தொடக்கம் தெரியும்?" என்றாள்.

"போன வருச வெள்ளத்துக்கு முந்தி."

"ஊசி இருக்கெண்டு சொன்னீங்கள்."

"உமக்கு வருத்தமெண்டு சொன்னா உம்மைச் சிங்கப்பூரிலை மறிச்சு வைச்சிருப்பினம். பிறகு உம்மடை அப்பா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவார்." அவர் குரல் தழுதழுத்தது. அதுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது. "நான் இஞ்சை தனிய என்ன செய்யிறது, திலகம்?"

"சின்னத்துரையின்ரை காலை..."

"அதுக்கு நொந்தாத்தானே எனக்கு அளவு தெரியும். உமக்கு நோக விடுவனோ நான்?" அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தார். "இனிப் பயமில்லை. இப்ப அளவு தெரியும்."

நீ எனக்குத் துரோகி என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் பார்த்தாள்.

முன்னறையிலிருந்து கட்டில்வரை சிவப்பு அடித்தடங்கள். அவளுடைய தடங்கள். இடது உள்ளங்காலில் ஒரு துண்டுக் கண்ணாடி, விரல் நீளம், உள்ளே இறங்கியிருந்தது. தடத்தின்மேல் கறுப்பு நூல். நூல் குதிக்காலில் ஏறி, காயத்துக்குள் போய், விரலிடுக்கால் வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு காலிலும்.

ஒன்றும் தெரியவில்லை. ஒரு கடிகூட.

சோமசேகரம் எழுந்துபோய் இரண்டு எனாமல் கிண்ணங்களைக் கொண்டுவந்தார். தண்ணீர் ஊற்றினார். அவள் இடது காலைக் கையால் மெல்லத் தூக்கி ஒன்றில் வைத்தார். வலது காலை மற்றதில். கட்டிலின் காலை வைத்ததுபோலவே, கிண்ணத்தின் நடுவில், ஆடாமல், பார்த்துப் பார்த்து.

முன்னறையிலிருந்து டக், இழுப்பு. டக், இழுப்பு. அந்த உறுமலும்.

எறும்புகள் விளிம்புவரை வந்து, சுற்றிச் சுற்றி நடந்தன. அவர் புதிதாகக் கலந்து வந்த தேநீர்க் கோப்பையை அவள் உதட்டில் வைத்தார். திலகம் தண்ணீரில் நின்ற தன் இரண்டு கால்களையும் பார்த்தாள். தண்ணீர் குளிரா, கொதியா என்று அவளுக்குத் தெரியவில்லை.