தொட்டிச் சுவரில் ஒரு சிவப்பு

"ஏங்க... பேரு கீற வேற செவுரே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

தூறலில் குடையை மறந்து ஓடி வந்தாள் நிஷாந்தினி. புதுத் தண்ணீர்த் தொட்டியின் சுவரைச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்த நெடியவன் திரும்பினான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அவற்றுக்குள் அமைதியான இரண்டு கண்கள். ஓடி வந்த வேகம் அவளுக்குச் சட்டென்று குறைந்தது.

"நான் பேர் கீறேல்லை. தொட்டியைப் பாத்து ஒப்புதல் குடுக்கப் பதுளையிலயிருந்து வந்தனான். சேந்தன்... இன்ஜினியர்."

"நானும் இன்ஜினியர்தான். நிஷாந்தினி. இதக் கட்டுனதே நான்தான்!"

சொல்லும்போதே முகவாய் தானாக உயர்ந்தது. உயராதா பின்னே? பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயியின் மகள், தான் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்கே தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள்! ஒப்புதல் கிடைத்தால் குழாய் திறக்கலாம். கிடைக்காவிட்டால்... அம்மா பழையபடி குடத்தோடு ஓடைக்கு இறங்க வேண்டும்.

சேந்தன் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பைக் காட்டினான். அதில் செந்நிறக் கசிவு.

"உள்ளுக்குக் கம்பி துருப்பிடிச்சிட்டுது. உடைச்சுத்தான் பாக்கோணும்."

"துருவா? எந் தொட்டியிலயா?" அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஈரத்தை விரலால் தொட்டாள்... நிறத்தைப் பார்த்தாள்... சிரித்துவிட்டாள்.

"மொதத் தண்ணி விட்டப்போ எங்க பொம்பளைங்க தொட்டிக்குள்ள கொடங்கொடமா மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க சார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்னாகும்? ஒங்க வீட்டுல ஆரத்தியே எடுத்ததில்லையா? சீமெந்துலயும் சுண்ணாம்புதானே இருக்கு!"

சேந்தனின் காதுகூடச் சிவந்தது. "ஓம்... நான்தான் பிழையாச் சொல்லிட்டன். ஆனா மஞ்சள் வெளியில வந்தா, தண்ணியும் வருதுதானே?"

சிரிப்பு நின்றது. உண்மைதானே!

"அவசரப்பட்டுட்டேங்க," என்றாள் மெல்ல. "கொங்கிரீட் நல்லா எறுகுறதுக்கு முன்னாலயே மேல போத்தியிருந்த ஈரச்சாக்க எடுத்துட்டேன், அதான் வெடிச்சிருக்கு. அம்மாவுக்குச் சீக்கிரம் தண்ணி குடுக்கணும்னு..."

"உடைக்க வேண்டாம். நிறைச்சபடியே விடுவம். வெடிப்புக்குள்ளால போற தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக் கொண்டுவந்து அங்கேயே படிய விடும். சின்ன வெடிப்பெண்டா தானா அடைபடும்."

"தெரியும்!" வீம்பு இன்னும் விடவில்லை.

"தெரிஞ்சா ஏன் கண் கலங்குது?"

"அது... மழைங்க."

அதன்பின் சேந்தன் பஸ் மாறி மாறித் தினமும் வந்தான். சுவரைப் பார்த்தான். சுவரைவிட அதிகமாக அவளைப் பார்த்தான். அவளும் பார்க்காத மாதிரிப் பார்த்தாள். கசிவு மெலிந்தது... வெடிப்பு நெடுக வெள்ளைக் கோடொன்று படிந்தது. ஒரு காலையில் அவன் கைக்குட்டையைச் சுவரோடு அழுத்தி எடுத்தான். பொட்டு ஈரமில்லை!

அன்றே அவன் ஒப்புதலில் கையெழுத்திட்டான்; குழாய் திறந்தார்கள். வாசலிலேயே குடம் நிறைவதைக் கண்டு வேலாயி, "எம் புள்ள கட்டுனது!" என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். நிஷாந்தினிக்கு நெஞ்சு விம்மியது.

"ஒரு கசிவப் பாக்கத் தெனமும் வரணுமா சார்?" என்றாள், கண்ணைத் தாழ்த்தி.

"ரெண்டு தரம் வந்தாலே காணும்."

"அப்பறம் ஏன்...?"

"ஒரு ராங்கிக்காரியை எனக்குப் பிடிச்சுப் போச்சுது... அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் வந்தனான். துணிவு வரேல்லை. உங்கட அம்மாவோட கதைக்கட்டே?"

நிஷாந்தினி நிமிர்ந்தாள். கன்னம் சிவந்திருந்தது, ஆனால் பார்வை தாழவில்லை.

"அம்மாகிட்ட நேத்தே நான் சொல்லிட்டேங்க... இதுல நான்தான் முந்தி!"