எஸ்தருக்கு ஒரு தட்டு

தை அமாவாசையன்று வைத்த சோற்றைக் காகங்கள் தொடவில்லை. ஸ்கீவ ஊரில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இராசலட்சுமி தவறாமல் வைத்து வருகிறாள். சாம்பல் முதுகு கொண்ட டென்மார்க் காகங்கள்தான் என்றாலும், நெய்யும் பருப்பும் அவற்றுக்குப் பிடித்துப் போயிருந்தன; பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே வேலியில் வந்து குந்தும். அன்று அவை பக்கத்து வீட்டுக் கூரை முகட்டில் வரிசையாக இருந்துகொண்டு, பனிமேல் வைத்த சோற்றைப் பார்க்காமல் அவளுடைய குசினி யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கூப்பிட்டாள். ஒன்றுகூட அசையவில்லை.

குளிர் கூடிப்போச்சு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையில் மூன்று தட்டுகள் படைத்திருந்தாள். ஒன்று செத்துப்போன அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. மூன்றாவது எஸ்தருக்கு.

எஸ்தர் சொந்தக்காரி அல்ல. டெனிஷ்காரரைக் கலியாணம் கட்டி இந்த ஊரோடு தங்கிவிட்ட மார்கிறெட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, நூலகத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறாள். வட இங்கிலாந்தின் சிறிய நெசவு ஊர் ஒன்றின் சனங்கள் தங்கள் முன்னோரின் கதைகளைத் தாங்களே தேடிச் சேர்த்துப் போட்ட தடித்த புத்தகத்தை அங்கே வாசித்தார்கள். அதிலிருந்து ஆளுக்கொருவரைத் தெரிந்தெடுத்து, அவருடைய வாழ்க்கையைத் தம்முடைய ஆளின் வாழ்க்கை போலச் சொல்லவேண்டும். வசந்தத்தில் ஒரு கண்காட்சி. பிறகு இதே மாதிரி ஸ்கீவ ஊரின் கதையையும், தமிழர் வந்த கதையையும் சேர்த்துத் தேடுவதென்று திட்டம்.

ஒருவரும் எடுக்காமல் மிஞ்சிய பிள்ளைதான் எஸ்தர். அந்தக் காலத்தில், வேலை செய்தால்தான் கஞ்சி என்று ஏழைகளை அடைத்து வைத்த விடுதியில் இருந்தவள். நீண்ட மரவாங்குகளில் வரிசையாக இருந்து சாப்பிடும்போது பேசக்கூடாது. பேசினால் அடுத்த நேரக் கஞ்சி இல்லை. எஸ்தர் வாயாடி. ஒரு மாரிக் குளிரில் இருமலும் பசியுமாகச் செத்துப்போனாள்.

“உந்தச் சட்டம் எங்கடை வீட்டுக்கும் வந்தால் நல்லாயிருக்கும் அக்கா,” என்று வட்டத்துக்குக் கூட வரும் சுசீலாதேவி காதுக்குள் சொன்னாள். “என்ரை மனுசன் வாயை மூடினால்தானே நான் ஒரு வாய் தின்னலாம்.”

இராசலட்சுமியும் சிரித்தாள். ஆனால் அந்தப் பிள்ளையின் பசி மனதை விட்டுப் போகவில்லை. பசித்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வைப்பதில் என்ன பிழை இருக்க முடியும்? அதனால்தான் அமாவாசையன்று அப்பாவையும் அம்மாவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டபின், அவளையும் கூப்பிட்டாள்.

“வா பிள்ளை எஸ்தர். கூச்சப்படாதை. உன்ரை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்து வயிறாறச் சாப்பிடு.”

எங்கள் பெண்கள் எவரையும் தனியாக அழைப்பதில்லை. அது நாவில் ஊறிய மரியாதை. விடுதியில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு ஆர் ஆக்கள் என்று அவள் யோசிக்கவில்லை. கூப்பிட்டுவிட்டு, வழக்கப்படி குசினிக் கதவைச் சாத்தி வெளியே காத்து நின்றாள்.

அவள் கணவர் பாலேந்திராவுக்கு மாரி தொடங்கமுதல் பக்கவாதம் வந்தது. எழும்பி நடப்பதில்லை. இடக்கை வழங்காது. விழுங்குவது கடினம், குழைத்த சோற்றைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்டவேண்டும். எடை இன்னும் இறங்கினால் இந்த மாரியைத் தாண்டமாட்டார் என்று நகரசபையான கொம்யூனிலிருந்து வரும் தாதி நேராகவே சொல்லியிருந்தாள். ஆனால் தை பிறந்தபிறகு பேச்சுத் திரும்பியிருந்தது. உருண்டு குழைந்த பேச்சு. என்றாலும் பழைய பகிடி அதற்குள் இருந்தது.

“இஞ்சேர் ராசு, உன்ரை சோத்துக்கு ஆசுப்பத்திரிச் சோறு பரவாயில்லை.”

“அப்ப அங்கையே போய்க் கிடவுங்கோவன்.”

அந்தப் பகிடி ஒவ்வொன்றும் அவளுக்குக் கடவுள் போட்ட பிச்சை.

அமாவாசைக்கு அடுத்த நாள் அவர் சாப்பாட்டு நேரத்தில் பேசவில்லை. என்னப்பா, ஏன் பேசாமல் இருக்கிறியள் என்று கேட்டாள். அவர் வலக்கை விரலை மெல்லத் தூக்கி உதட்டில் வைத்தார். கண் மேசையைவிட்டு எழும்பவில்லை.

பிறகு மணம் வந்தது. உப்புப் போடாமல் தண்ணீரில் அவித்த ஓட்ஸின் மணம், நனைந்து காயாத கம்பளியின் மணம், புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரின் மணம், மூன்றும் ஒன்றாய்க் குசினியிலிருந்து புறப்பட்டு, அவள் சாம்பிராணி போட்டாலும் யன்னல் திறந்தாலும் திரைச்சீலைகளில் ஒட்டிக்கொண்டு நின்றன. பானையில் ஆவி பறக்கும் சோறு அவர் வாய்க்குப் போகுமுன் கரண்டியிலேயே குளிர்ந்து போனது. பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் வற்ற, மரவாங்கு ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்கும். அவர்கள் வீட்டில் வாங்கு இல்லை.

அவளுடைய கரண்டிக்கு அவர் வாய் திறப்பது நின்றது. ஆனால் அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரங்களில், பின்னால் விழுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கடைவாயில் சாம்பல் நிறக் கஞ்சி ஒழுகியிருக்கும். துடைத்தால் ஐஸ் மாதிரிக் குளிரும்.

தாதி வந்து நிறுத்துப் பார்த்து உதட்டைக் கடித்தாள். எடை இறங்கியிருந்தது.

இராசலட்சுமி சுசீலாதேவிக்குப் போன் எடுத்து, எஸ்தரைக் கூப்பிட்டதைச் சொல்லி அழுதாள்.

“விசரியே அக்கா நீங்கள்? ஆர் எவரெண்டு தெரியாத சனத்தை வீட்டுக்குள்ளை கூப்பிட்டால்? வாயைத் திறந்து போகச் சொல்லுங்கோ.”

“சாப்பாட்டில இருக்கிறதுகளை எப்பிடியடி எழும்பச் சொல்லுறது?”

“அப்ப அத்தான் எழும்பமாட்டார்.”

போனை வைத்தாள். வெளியே பனி நீலமாகி, கறுத்தது. சாமி விளக்கில் நெய் விட்டுவிட்டு, சூடான சோற்றுக் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். சக்கர நாற்காலியில் அவர் மேசையோடு இருந்தார். தலை குனிந்திருந்தது.

“இஞ்சேருங்கோ, ஒரு வாய். எனக்காக.”

வாய் பூட்டியிருந்தது.

அப்போது அவருடைய மறுபக்கத்திலிருந்து ஒரு மரக்கரண்டி வந்தது. அதைப் பிடித்திருந்த கை சின்னக் கை. நகமெல்லாம் நீலம். அவர் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார்.

மேசை நீண்டிருந்தது. சுவர் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி, தோட்டம் இருக்கவேண்டிய இடத்தையும் தாண்டி, இருட்டுக்குள் போனது. இருபுறமும் வாங்குகள். ஒட்ட வெட்டிய தலைகள். கிழவர், பெண்கள், பிள்ளைகள். எல்லாரும் குனிந்திருந்தார்கள். கரண்டிகள் எழும்பின. இறங்கின. பேச்சில்லை.

அவள் கத்தவில்லை. கஞ்சிச் சட்டியை அந்தப் பிள்ளைப் பக்கம் தள்ளினாள். “இதைச் சாப்பிடு மோனை. சூடா இருக்கு. அவரை மட்டும் விடு.”

பிள்ளை நிமிர்ந்தது. கோபமில்லாத முகம். நன்றியுள்ள முகம். தனக்கு ஊட்டியவளின் ஆளுக்குத் தான் ஊட்டுகிறேன் என்பது போலச் சிரித்தது. மறுபடி கரண்டியை நிரப்பியது.

ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவர் கன்னம் ஒட்டியது. கண் குழி விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னொரு கரண்டி. இன்னொன்று.

தன் வாழ்நாளில் சாப்பிட வந்த எவரையும் அவள் போ என்று சொன்னதில்லை. வீட்டை விட்டுப் போகிறவர்களைக்கூடப் ‘போயிட்டு வாங்கோ’ என்றுதான் அனுப்பியிருக்கிறாள். முருகா என்று ஒருமுறை மனதுக்குள் கூப்பிட்டாள்.

“போங்கோ,” என்றாள். “திரும்பி வராதையுங்கோ. எல்லாரும் எழும்பிப் போங்கோ.”

கரண்டிகள் நின்றன.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கீழ்ப்படிந்து பழகிய சனங்கள். வாங்குகள் பின்னால் நகர்ந்தன. எழும்பினார்கள். கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் பின்கதவை நோக்கி நடந்தார்கள். கதவு திறந்திருந்தது. குளிர் உள்ளே வந்தது. விளக்கு அணைந்தது.

போகிறார்கள். போகிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. கைகூப்பினாள்.

சக்கர நாற்காலி கிறீச்சிட்டது.

பாலேந்திரா எழும்பி நின்றார்.

“இஞ்சேருங்கோ, உங்களையில்லை,” என்றாள். “உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் இருங்கோ. இருங்கோ!”

அவர் திரும்பவில்லை. வரிசையில் அவருக்கு இடம் விட்டார்கள். தடுமாறாத நடை. வெறுங்கால் பனியில் இறங்கியது. எஸ்தர் எட்டி அவர் இடக்கையைத் தொட்டாள். மாரி முழுக்க அசையாத விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அந்தச் சின்னக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.