வளைவில் நட்ட நான்கு கன்றுகள்

பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஹாலிஸ் டிங்வெல்லின் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தினேன். கடல் நீர் ஏறி வரும் ஆற்றைப் பார்த்து நிற்கும் பழைய மரவீடு. ஆறு கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. அதன் மேல் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகளை இரண்டு வரிசையாக நட்டு வழி குறித்திருந்தார்கள். கனடாவின் கிழக்கோரத்தில், எங்கள் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் அது வழக்கம்தான். ஆறு உறைந்ததும் பனிக்கட்டி எங்கே கனமாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்து, துளை போட்டு, வெட்டிய கன்றுகளைச் செருகிவிடுவார்கள். கன்றுகளுக்கு உள்ளே போனால் உயிருக்குப் பயமில்லை. வெளியே போனால் அவரவர் பாடு.

ஆனால் இந்த வரிசை ஆற்றோடு நிற்கவில்லை. கரையேறி, தோட்டத்தைக் கடந்து, ஹாலிஸின் சமையலறைக் கதவு வரை வந்திருந்தது. கிழவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நான் வெர்னா செவரி. எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் பழைய குதிரை வண்டிப் பந்தயங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிவந்தேன். அந்தக் காலத்துக் குதிரைகள், அந்தக் காலத்து ஓட்டிகள். குதிரை உயிரோடு இருந்தபோது சவுக்கால் வெளுத்தவர்கள், அது செத்து முப்பது வருடம் கழித்து அதன் பெயரைச் சொல்லி மூக்கைச் சிந்துவார்கள். நான் அதை எழுதிக்கொள்வேன். வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

அந்த மாதம் ஹாலிஸுக்குப் பாராட்டு விழா எடுப்பதாக இருந்தார்கள். அவருக்கு எழுபத்தொன்பது வயது. அவருடைய நினைவுகளைப் பதிவு செய்துவர ஆசிரியர் என்னை அனுப்பினார். நான் போனது அதற்காக இல்லை.

1961ஆம் ஆண்டு இதே பிப்ரவரி வாரத்தில், இதே ஆற்றின் பனித்தளத்தில், ஹாலிஸும் என் அப்பா ரோலண்டும் சறுக்கு வண்டியில் போட்டி ஓட்டினார்கள். இரண்டே குதிரைகள். பனிக்கட்டி உடைந்து அப்பாவும் அவருடைய டான்சி என்ற பெட்டைக் குதிரையும் மூழ்கிப்போனார்கள். ரோலண்டு குடித்துவிட்டுக் கன்றுகளுக்கு வெளியே ஓட்டிப்போனான் என்று ஹாலிஸ் சொன்னார். ஊர் தலையாட்டியது. எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் என்னைப் பார்த்துத் தள்ளாடி நடந்து காட்டுவார்கள். என் அப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை. அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க வேண்டும் என்று நாற்பது வருடம் காத்திருந்தேன்.

கதவைத் திறந்தவள் ஹாலிஸின் தங்கை வின்னி. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள்.

"வா வெர்னா. பூட்ஸைக் கழட்ட வேண்டாம், தரை எப்படியும் ஈரம்தான்" என்றாள். "அண்ணே! உன் புகழ் பாட ஆளு வந்திருக்கு, எந்திரிச்சு உக்காரு!"

சமையலறைத் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அடுப்பில் பச்சை ஸ்ப்ரூஸ் புகைந்தது. அந்தப் புகைக்கு அடியில் வேறொரு நெடி இருந்தது. நனைந்த குதிரையின் நெடி. அந்த வீட்டில் குதிரை போய் இருபது வருடமாகிறது.

ஹாலிஸ் அடுப்பருகே கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஆணியில் சுருக்குப் போட்ட கயிறு ஒன்று தொங்கியது. பனிப் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும் அப்படியொரு கயிறு கிடக்கும். குதிரை தண்ணீரில் விழுந்தால் கயிற்றை இழுத்து அதன் மூச்சை அடைப்பார்கள். உள்ளே போன காற்று வெளியே வராமல் உடம்பு உப்பி மிதக்கும். மிதந்ததும் இழுத்துப் போட்டுச் சுருக்கைத் தளர்த்துவார்கள். கொல்வது போல இருக்கும், ஆனால் அதுதான் காப்பாற்றும் வழி.

டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்தேன்.

"எந்தக் குதிரையிலேர்ந்து ஆரம்பிக்கலாம் ஹாலிஸ்?"

"நடிக்காத" என்றார். "நீ எந்தக் குதிரையைப் பத்திக் கேக்க வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். உங்கப்பன் மூஞ்சி அப்படியே உன்கிட்ட இருக்கு. பாக்கவே பிடிக்கல."

"எனக்கும் உங்களைப் பாக்கப் பிடிக்கல. சொல்லுங்க, நான் கிளம்பிடுறேன்."

வின்னி தேநீரை என் முன்னால் வைத்தாள். "வாசல்ல கன்னுங்களைப் பாத்தியா?"

"பாத்தேன். யார் நட்டது?"

"அதைத்தான் நாப்பது வருசமா கேக்குறோம். வருசா வருசம் இந்த வாரத்துல வரும். முதல்ல ஆத்துக்கு நடுவுல இருந்துச்சு. அப்புறம் இந்தக் கரை. போன வருசம் கிணத்தடி. இந்த வருசம் என் கதவுக்கே வந்திருச்சு. இவரு பிடுங்கிப் பிடுங்கி எரிக்கிறாரு. எனக்கு விறகுச் செலவு மிச்சம்."

"வாயை மூடு வின்னி."

"நான் மூடித்தானே வச்சிருந்தேன்! நாப்பது வருசம்!"

தரைக்கு அடியில், எங்கோ ஆற்றுப் பக்கம், பனிக்கட்டி ஒருமுறை முனகியது. கிழவர் கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"அந்த மிஷினைப் போடு" என்றார்.

பிறகு சொன்னார். நடுவில் நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்தே சொன்னார்.

"என் குதிரைக்கு ஒடுக்கமான வளைவு ஆகாது. நடை கலைஞ்சு பாய்ச்சல்ல போயிரும். பாய்ஞ்சா விதிப்படி தோல்விதான். அதனால காலையில யாரும் வரதுக்கு முன்னாடி போயி, வளைவுல நாலு கன்னைப் பிடுங்கித் தள்ளி நட்டேன். வளைவு அகலமாச்சு. அங்க அடியில தண்ணி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். பனி தாங்கும்னு நெனச்சேன்."

"தாங்கல."

"உங்கப்பன் முன்னாடி போனான். கன்னுக்கு உள்ளதான் போனான், ஒழுங்கா. நான் பின்னால வந்தேன். என் கண்ணு முன்னாலயே உள்ள போயிட்டாங்க. பனி வீசிக்கிட்டிருந்துச்சு, கரையில நின்னவங்களுக்கு வளைவு தெரியல. டான்சியோட கயிறு பனிக்கட்டி மேல கிடந்துச்சு. என் காலடியில. அவன் கடிவாள வாரைக் கையில சுத்திக்கிட்டு, இழு, இழுன்னு கத்தினான்."

"நீங்க இழுக்கலையா?"

"கன்னுங்களைப் பிடுங்கப் போனேன்" என்றார் ஹாலிஸ். "ஆளுங்க வரதுக்குள்ள பழைய இடத்துல நடணும்ல. நாலையும் நட்டுட்டுத் திரும்பினா, தண்ணி மூடிப்போச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. ரெக்கார்டரை நிறுத்திப் பைக்குள் வைத்தேன். அப்பாவின் பெயர் இப்போது என் பையில் பத்திரமாக இருந்தது. எழுந்து போயிருக்கலாம்.

"போகாத" என்றார். "எரிச்சா திரும்ப வருது. ஒரு தடவைகூட நான் நட்டுப் பாக்கல. கெட்ட இடத்தைச் சுத்தி, முதல்லயே நட்டிருக்க வேண்டிய மாதிரி நட்டுட்டா உங்கப்பன் போயிருவான். நீ அவன் மக. நீ கயிறோட பின்னால நில்லு."

"உங்களுக்கு நான் காவலா?"

"வேற யாரு வருவா?"

மூலையில் அன்று காலை பிடுங்கிய கன்றுகள் நான்கு கிடந்தன. அவர் அவற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இடுப்புல கட்டிக்குங்க" என்றேன்.

"மாட்டேன். அது எதுக்குப் போடுற சுருக்குன்னு எனக்குத் தெரியும். நான் விழுந்தா எறி, போதும்."

நான்கு மணி தாண்டியிருந்தது. வெளிச்சம் சாம்பல் நிறமாகிக் கொண்டிருந்தது. கன்று வரிசைக்கு நடுவே அவர் முன்னால் நடந்தார். பத்தடி பின்னால் நான். திரும்பிப் பார்த்தபோது சமையலறை ஜன்னலில் வின்னி நின்றிருந்தாள்.

வளைவை அடைந்தோம். அங்கே பனிக்கட்டியின் நிறம் கறுத்திருந்தது. அவர் பனிக்கட்டியில் துளையிட்டு முதல் கன்றை நட்டார். இரண்டாவதை நட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கற்கண்டைக் கடிப்பது போல. ஆணி அடித்த லாடம் பனிக்கட்டியைக் கடிக்கும் சத்தம். ஆற்றின் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. ஒரே சீராக, நடை கலையாமல் வந்தது.

"கேக்குதா?" என்றார் ஹாலிஸ், மெல்லிய குரலில்.

"கேக்குது."

"இன்னும் ரெண்டுதான். ரெண்டே ரெண்டு."

மூன்றாவது கன்று.

சத்தம் நெருங்கியது. ஆற்றின் மேல் எதுவும் இல்லை. கன்றுகளின் இலைகள் மட்டும் ஒவ்வொன்றாக அசைந்தன, பக்கத்தில் ஏதோ கடந்து போவது போல. குதிரைத் தைலமும் ஈர முடியும் கலந்த வாடை காற்றில்லாமலே வந்தது.

பிறகு என் பிடரியில் சூடான மூச்சு பட்டது.

நான் திரும்பவில்லை.

குதிரையை உற்சாகப்படுத்த நாக்கை மடக்கி ஒரு சொடுக்குச் சத்தம் எழுப்புவார்கள். என் காதருகே அது இரண்டுமுறை கேட்டது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் மடியில் உட்கார்ந்து கேட்டதும் அப்படித்தான், எப்போதும் இரண்டுமுறை.

லாடச் சத்தம் என்னைத் தாண்டி ஹாலிஸை நோக்கிப் போனது.

அவர் நான்காவது கன்றை நட்டுவிட்டு நிமிர்ந்தார். அவர் கண்கள் எதையோ பார்த்தன.

பனிக்கட்டி விட்டுப்போனது. பெரிய சத்தம்கூட இல்லை. கிழவர் மார்பு வரை தண்ணீரில் இறங்கிவிட்டார். விளிம்பைப் பிடித்தார். விளிம்பு உடைந்தது.

"வெர்னா! கயிறு!"

பத்தடிதான்.

"எறி! வெர்னா, எறி!"

இதை நான் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. எந்தப் பேயும் என் காதில் வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறு என் கையில் காய்ந்து, லேசாக இருந்தது. எறியத் தெரியும். எறிந்தால் எட்டும். என் அப்பா எவ்வளவு நேரம் கத்தியிருப்பார் என்று யோசித்தேன். அவ்வளவு நேரம் நின்றேன்.

தண்ணீர் மூடிய பிறகுதான் கயிற்றை எறிந்தேன். சுருள் பிரியாமல் துளைக்குள் விழுந்து, அவருக்குப் பின்னாலேயே முழுவதுமாக இறங்கிப்போனது.

போலீஸ்காரர் கேட்டபோது எனக்கு முன்னால் வின்னி பதில் சொன்னாள். "நான் ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாவம், அவ எறிஞ்சா. எட்டல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஊரும் தலையாட்டியது.

ஹாலிஸின் உடல் கிடைக்கவில்லை. நாடாவில் அவர் குரல் தெளிவாக இருந்தது, அப்படியே அச்சில் போட்டோம். பாராட்டு விழாவுக்கு எடுத்த மண்டபத்தில் என் அப்பாவின் படத்தை மாட்டினார்கள். எழுபது வயதுக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றி என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பள்ளியில் தள்ளாடிக் காட்டிய இரண்டு பேரும், இப்போது ஐம்பதைத் தொட்டவர்கள், அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். காப்பாற்றப் பார்த்தாயே, உனக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். நான் காத்திருந்தது அந்த நாளுக்காகத்தான். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருக்கவில்லை.

மறு வருடம் பிப்ரவரியில் எதுவும் நடக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

நேற்று மாலை வின்னி தொலைபேசியில் அழைத்தாள். அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"போன வருசமும் வரல, இந்த வருசமும் இங்க ஒண்ணும் வரல" என்றாள். "ஆறு சுத்தமா கிடக்கு. ரெண்டு வருசமா விறகு காசு கொடுத்து வாங்குறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் பக்கம் எப்படி?"

"என் வீட்டுலேர்ந்து ஆறு பதினோரு மைல் தள்ளி இருக்கு வின்னி."

"அதான் கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று காலை பால் எடுக்க முன்கதவைத் திறந்தேன். படியருகே பனியில் நான்கு ஸ்ப்ரூஸ் கன்றுகள், வளைவாக, கெட்ட இடத்தைச் சுற்றி நடுவது போல என் வாசலைச் சுற்றி நடப்பட்டிருந்தன. ஹாலிஸின் கதவுக்கு வர நாற்பது வருடம் எடுத்துக்கொண்டவை, என் கதவுக்கு இரண்டே வருடத்தில் வந்துவிட்டன. தெருவிலிருந்து கதவு வரை காலடித் தடம் ஒன்றும் இல்லை.

நான்காவது கன்றில் ஒரு கயிறு மாட்டியிருந்தது. சுருள் பிரிக்காத கயிறு. நான் எறிந்தபடியே இருந்தது. அதிலிருந்து உப்புத் தண்ணீர் என் படியில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.