கொட்டகைக்கு வாதாடிய ஐஸ்கிரீம் மாமா

கடல் முதலில் ஐஸ்கிரீம் மாமாவின் நாற்காலியைத்தான் கொண்டுபோனது.

ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலத்தில் விடுதிக்காரம்மாவின் பூந்தொட்டிகள் போயின. அதற்கடுத்த மழைக்காலத்தில் நீச்சல் மாஸ்டர் நட்டுவைத்த 'இங்கே ஆழம் அதிகம்' என்ற பலகை, ஆழம் அதிகமான இடத்தைத் தேடி அதுவே மிதந்து போய்விட்டது.

இப்போது தண்ணீர், கொசுவின் அப்பா படகு பழுதுபார்க்கும் கொட்டகையின் வாசலுக்கே வந்துவிட்டது.

கொசு என்றால் கடிக்கிற கொசு இல்லை. பத்து வயதுப் பெண். காதருகே வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டாள். அதனால் வந்த பெயர். பள்ளி விட்டதும் அவள் ஓடுகிற இடம் அந்தக் கொட்டகைதான். அப்பா படகின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடித்து, மேலே தார் பூசுவார். கொசு பஞ்சைத் திரித்துக் கொடுப்பாள். உலகத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அது. இன்னொரு மழைக்காலத்தை அது தாங்காது என்று அப்பாவே அம்மாவிடம் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடற்கரைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். ஆளாளுக்குத் தங்கள் வாசலில் கற்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஐஸ்கிரீம் மாமா தன் கற்களுக்கு இளஞ்சிவப்புப் பெயின்ட்கூட அடித்தார். கல்லில் மோதிய அலை பக்கவாட்டில் திரும்பிப் பக்கத்துக்காரர் மணலை அரித்தது. பக்கத்துக்காரர் இன்னும் பெரிய கல்லாகப் போட்டார். அலை திரும்பி முதல் ஆளிடமே வந்தது.

ஒரு நாள் காலையில் இளஞ்சிவப்புக் கற்கள் எல்லாம் அப்பாவின் கொட்டகை வாசலில் கிடந்தன.

"கல்லுக்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சா?" என்று கேட்டார் ஐஸ்கிரீம் மாமா.

"கடல் தூக்கிட்டு வந்து போட்டுச்சு. வேணும்னா கடலைப் பிடிச்சுக் கேளுங்க" என்றார் அப்பா.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மாமா கடையில் பாட்டைச் சத்தமாக வைத்தார். அப்பா சுத்தியலை ஓங்கி அடித்தார். பாட்டுக்கும் சுத்தியலுக்கும் தாளம் மட்டும் நன்றாகப் பொருந்தி வந்தது.

இந்த நிலைமையில்தான் பொறியாளர் அக்கா ஊருக்கு வந்தார். பள்ளி மண்டபத்தில் கூட்டம் போட்டார். தரையில் பெரிய துணியை விரித்தார். அதில் கடற்கரை முழுவதும் வரைந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கட்டை கொடுத்தார். ஐஸ்கிரீம் கடைக்குக் கோன் படம் போட்ட கட்டை. விடுதிக்குத் தலையணை. நீச்சல் பள்ளிக்கு விசில். கொட்டகைக்குப் படகு.

"கடலோரத்துல மணல் மேடு அமைச்சு, அதுல கொடியும் புல்லும் நடப்போறோம். செடியோட வேர் மணலைப் பிடிச்சுக்கும். அலை வந்து மேட்டுல மோதி, வேகம் குறைஞ்சு திரும்பிப் போயிடும்" என்றார் பொறியாளர் அக்கா. "ஆனா மேட்டுக்கு இடம் வேணும். அதனால இன்னும் முப்பது வருஷம் கழிச்சும் கடற்கரை நல்லா இருக்கணும்னா உங்க இடம் எங்க இருக்கணும்? யோசிச்சு வைங்க."

எல்லாரும் ஆழ்ந்து யோசித்தார்கள். யோசித்து முடித்து, அவரவர் கட்டையை இப்போது இருக்கிற இடத்திலேயே வைத்தார்கள். ஐஸ்கிரீம் மாமா மட்டும் தன் கட்டையை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளி வைத்தார்.

துணியில் மணல் மேட்டுக்கு ஓர் எறும்பு நிற்கக்கூட இடம் இல்லை.

"எனக்கு மேடெல்லாம் வேண்டாம். பெரிய சுவரா கட்டிக் குடுங்க" என்றார் விடுதிக்காரம்மா. "ஆனா ஜன்னல்ல பார்த்தா சுவர் தெரியக் கூடாது. கடல்தான் தெரியணும்."

"எனக்குக் கடல் கிட்டவே இருக்கணும். அலை மட்டும் வரக் கூடாது" என்றார் நீச்சல் மாஸ்டர்.

"படகுக் கொட்டகைன்னா தண்ணிக்குப் பக்கத்துலதான் இருக்கும். கொட்டகையை நகர்த்துற பேச்சே வேண்டாம்" என்றார் அப்பா.

"அவர் நகரலேன்னா நானும் நகரமாட்டேன்" என்றார் ஐஸ்கிரீம் மாமா.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் காதிலும் எதுவும் விழவில்லை. பொறியாளர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மணல் கொட்டுற கப்பல் தயாரா நிக்குது" என்றார் அவர். "சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு திட்டம் வேணும். இல்லேன்னா கப்பல் வேற கடற்கரைக்குப் போயிடும். அப்புறம் எப்ப திரும்பும்னு எனக்கே தெரியாது."

நாற்காலி அடுக்க வந்திருந்த கொசு இதைக் கேட்டாள். கப்பல் போனால் கொட்டகையும் போய்விடும். அவள் பொறியாளர் அக்காவின் காதருகே போனாள்.

"அக்கா, எங்க வீட்டுல ஒரு சட்டம் இருக்கு. சொல்லட்டுமா?"

கொசுவின் அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஜன்னல் சீட்டுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டால், வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவார். "நீ அவன் பக்கம் பேசு. அவன் உன் பக்கம் பேசட்டும். அதுவரைக்கும் வண்டி நகராது" என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். கொசுவும் அண்ணனும் சண்டை போட்டால் கொசு அண்ணனுக்காக வாதாட வேண்டும், அண்ணன் கொசுவுக்காக. மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பாதியில் சிரிப்பு வந்துவிடும்.

பொறியாளர் அக்கா கேட்டுவிட்டு, "இதுவரைக்கும் படிச்சதெல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. இதையும் பார்ப்போம்" என்று எழுந்தார்.

கட்டைகள் எல்லாம் ஒரு கூடைக்குள் போயின. ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எந்தக் கட்டை வருகிறதோ அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் அதற்காக வாதாட வேண்டும். தன் இடத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அப்பாவுக்குக் கோன் வந்தது. ஐஸ்கிரீம் மாமாவுக்குப் படகு வந்தது. கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தது கொசு என்பதை மட்டும் இங்கே சொல்லி வைப்போம்.

"நான் போய் அந்தக் கொட்டகைக்கு வக்கீலா?" என்றார் மாமா.

"என் தலையெழுத்து, நான் ஐஸ்கிரீமுக்கு" என்றார் அப்பா.

மாமாவுக்குக் கொட்டகையைச் சுற்றிக் காட்டும் வேலை கொசுவுக்கு வந்தது. மாமா மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார். தார் வாசனை அவருக்கு ஆகாது.

"இதென்ன சுவர்ல இவ்வளவு உயரத்துக்குக் கறை?"

"போன மழையில தண்ணி ஏறினது மாமா."

மாமா மூக்கிலிருந்து கையை எடுத்தார். கறை அவர் இடுப்புக்கு மேலே இருந்தது.

"அப்ப உங்க அப்பா என்ன பண்ணினார்?"

"ரிப்பேருக்கு வந்த படகை எல்லாம் உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டார். மத்தவங்க படகு இல்லையா, அதான். எங்க கருவி எல்லாம் துருப்பிடிச்சுப்போச்சு."

மாமா வாசலுக்குப் போய், கடலுக்குள் இறங்கும் சரிவையும் அதில் கிடந்த உருளைக் கட்டைகளையும் பார்த்தார்.

"படகை இது மேலதான் உருட்டி ஏத்துவீங்களா?"

"ஆமா மாமா."

"அப்படின்னா தண்ணிக்குப் பக்கத்துல இருக்க வேண்டியது சரிவுதானே? கொட்டகை எதுக்கு? கொட்டகை பின்னாடி தள்ளி இருந்தா வேலை நடக்காதா?"

நடக்காது என்று கொசு ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொட்டகை இங்கேயே இருக்கும். அவள் உட்காரும் முக்காலி, அதன்மேல் விழும் சாயங்கால வெயில், எல்லாம் இங்கேயே இருக்கும்.

அடுத்த மழை வரைக்கும்.

"நடக்கும் மாமா" என்றாள் மெதுவாக. "சக்கர வண்டி ஒண்ணு இருந்தா, படகை அதுல ஏத்தி எவ்வளவு தூரம் வேணும்னாலும் தள்ளிட்டுப் போகலாம். ஆனா எனக்கு இந்த இடம்தான் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். ஐஸ்கிரீம் மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகிற பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். அன்று கையில் மரக்கட்டை மட்டும்தான் இருந்தது. அதையே நீட்டினார். கொசு அதை வாங்கிக்கொண்டு, அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

சாயங்காலம் எல்லாரும் மண்டபத்தில் கூடினார்கள்.

முதலில் எழுந்தவர் நீச்சல் மாஸ்டர். அவருக்கு வந்தது தலையணை.

"விடுதியில ஒவ்வொரு அறையா போனேன். ஒவ்வொரு கட்டில்லயும் படுத்து, ஜன்னல் வழியா கடல் தெரியுதான்னு பார்த்தேன். மூணாவது கட்டில்ல தூங்கிட்டேன்" என்றார். "ஆனா ஒண்ணு உறுதி. முன்னாடி பெரிய சுவர் வந்தா இந்தம்மா விடுதிக்கு ஒரு ஈ காக்கா வராது. தாழ்வா ஒரு மணல் மேடு வந்தா மாடி ஜன்னல்ல கடல் நல்லாவே தெரியும். கீழ் அறைகளை மட்டும் பின்பக்கம் மாத்திக் கட்டிக்கலாம். இடம் தாராளமா இருக்கு, பார்த்துட்டுதான் வந்தேன்."

"கட்டில்ல ஏறுறதுக்கு முன்னாடி காலைக் கழுவினீங்களா?" என்று மட்டும் கேட்டார் விடுதிக்காரம்மா. பிறகு தன் முறை வந்ததும், நீச்சல் பள்ளிக்காக மாஸ்டரைவிடச் சத்தமாக வாதாடினார். சின்னப் பிள்ளைகள் துணி மாற்றுகிற அறை, அலை தொடாத இடத்துக்குப் பின்னால் போகத்தான் வேண்டும் என்றார். மாஸ்டர் நெளிந்தார். ஆனால் மறுக்கவில்லை.

அடுத்து அப்பா. கோன் கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"ஐஸ்கிரீம் கடையில ஃபிரீசரைச் செங்கல் மேல ஏத்தி வெச்சிருக்காங்க. கீழ தண்ணி வருது. ராத்திரி மழை பெஞ்சா இவர் கடையிலயே வந்து உட்கார்ந்து, வாளியால தண்ணியை இறைப்பாராம்" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "அந்தத் தண்ணி ஏன் வருதுன்னு பார்த்தேன். நான் என் வாசல்ல போட்ட கல்லுல அலை மோதி நேரா இவர் கடைக்குத்தான் போகுது. கல்லை எடுத்துடறேன். கடையை ரோட்டுப் பக்கமா தள்ளி வெச்சா, பள்ளிக்கூடம் விட்டுப் போற பிள்ளைங்க எல்லாம் வாசலைத் தாண்டித்தான் போகணும். வியாபாரத்துக்கு நான் பொறுப்பு."

ஐஸ்கிரீம் மாமா எழுந்தார். கடற்கரையின் அந்தக் கோடியில் நிற்பவர்களையும் கூவிக் கூப்பிடுகிற குரல் அவருடையது. அதே குரலில் ஆரம்பித்தார்.

"இந்தக் கொட்டகைக்கு ஒரு சின்னச் சேதம் வந்தாலும் நான் பொறுத்துக்கமாட்டேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இடுப்புக்கு மேல தண்ணி. அதுல நின்னுக்கிட்டு, தன் கருவியை விட்டுட்டு மத்தவங்க படகைக் காப்பாத்தியிருக்கார் இந்த மனுஷன். அவரை அந்த இடத்துலயே இருன்னு சொல்றது அநியாயம். சரிவு மட்டும் கடலோரத்துல இருக்கட்டும், மேட்டுக்கு நடுவுல ஒரு வழி விட்டு. கொட்டகை பின்னாடி வரணும்."

"பின்னாடின்னா எங்க?" என்றார் பொறியாளர் அக்கா.

மாமா படகுக் கட்டையைத் துணியின்மேல் வைத்தார். கோன் கட்டை போகப்போகிற இடத்தை ஒட்டி.

"ரோட்டோரமா எனக்கு ஒரு இடம் இருக்கு. உடைஞ்ச ஃபிரீசரை எல்லாம் அங்கதான் போட்டு வெச்சிருக்கேன். காலி பண்ணிக் குடுத்துடறேன். பாதி எனக்கு, பாதி கொட்டகைக்கு. ஒரே நிபந்தனை. தார் காய்ச்சுறதை மட்டும் காத்து அந்தப் பக்கம் அடிக்கிறப்ப வெச்சுக்கணும்."

அப்பா கண்ணில் தூசி விழுந்ததுபோல் கசக்கிக்கொண்டார். கொசுவுக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு பெரிய கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல் இருந்தது.

துணியின் கடலோரம் முழுவதும் காலியாகக் கிடந்தது. பொறியாளர் அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைத்தானே நான் காலையிலேருந்து சொல்லிட்டிருந்தேன்."

"நீங்க சொன்னப்ப நாங்க பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் ஐஸ்கிரீம் மாமா.

கப்பல் வந்தது. மணல் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மேடு முழுவதும் கொடிகளை நட்டார்கள். கொடிகள் வேர் பிடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படர்ந்தன. புதுக் கொட்டகையும் எழுந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கடல் பொங்கியது. ஊரே குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றது. பெரிய அலை ஒன்று எழும்பி, பழைய கொட்டகை இருந்த இடத்தை அப்படியே மூடியது. கொசு அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அலை மேட்டில் ஏறியது, பாதியில் மூச்சு வாங்கியது, கொடிகளை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த அலையும் அப்படியே.

புதுக் கொட்டகைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கொசு ஓடிப்போய்த் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"காஞ்சு கிடக்குப்பா."

அப்பா ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நடந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அங்கே ஒன்றுகூட வாங்கிச் சாப்பிட்டதில்லை.

"ஒரு ஐஸ்கிரீம் குடுங்க."

"இந்த மழையிலயா?" என்றார் மாமா.

"விக்கிறவர் கேக்குற கேள்வியா இது?"

மாமா கோனை நீட்டினார். அப்பா மழையில் நனைந்துகொண்டே ஒரு வாய் சாப்பிட்டார். மாமாவும் கொசுவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா ரொம்ப நேரம் யோசித்தார்.

"இன்னும் ரெண்டு குடுங்க" என்றார். "ஒண்ணு பிள்ளைக்கு. ஒண்ணு உங்களுக்கு."