முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மன்னிப்பு

மழை... காந்தி ரோடே கரைந்து போகிற மாதிரி ஒரு மழை!

மாடியிலிருந்த பிரௌசிங் சென்டரில், நான்காவது தடுப்புக்குள் உட்கார்ந்து ஸ்ரீகர் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். சின்ன காஞ்சிபுரத்துப் பையன். எம்.சி.ஏ. கடைசி வருடம். லினக்ஸ் அன்பர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அவன்தான் தலைவன். மென்பொருள் எழுதுகிறவர்கள் அதன் நிரலை ஊருக்கே திறந்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாக எழுதிவருகிறான். மூன்று வருடமாக ஒரே எதிராளி... ‘நாடா’ என்று கையெழுத்துப் போடும் ஆசாமி. சென்னையில் கம்பெனிக் காரில் போகும் வழுக்கைத் தலையர் என்று ஸ்ரீகர் தானாகவே தீர்மானித்திருந்தான்.

‘நாடா அவர்களே, அறிவைப் பூட்டுவது பாவம்!’ என்று தட்டி அனுப்பினான்.

பக்கத்துத் தடுப்பில் களுக்கென்று ஒரு சிரிப்பு. “பாருடி தேவகி, பாவமாம்! இவரு மோட்சத்துக்கு டிக்கெட் கிழிச்சிக்கினு இருக்காரு!”

எட்டிப் பார்த்தான். மை தீட்டிய இரண்டு கண்கள்... எதிரே திரையில் அவனுடைய கடிதம்!

“நீங்க... நாடாவா?”

“நீங்கதான் அந்தப் பாவ புண்ணியமா?”

அவள் பெயர் ஏலவார்குழலி. பட்டுச்சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள்; தறியில் குறுக்கே ஓடும் நாடாவைத்தான் புனைபெயராக்கியிருந்தாள். வரைந்த படத்தைத் தறி அட்டையின் துளைகளாக மாற்றும் நிரலையும் அவளே எழுதியிருந்தாள்.

“அதைத் திறந்து விடலாமே?” என்றான் ஸ்ரீகர், பிரசங்கக் குரலில்.

“விட்டா, முகூர்த்த சீசனுக்கு முன்னாடியே எங்க டிசைன் எதிர்க் கடையில தொங்கிக்கினு இருக்கும் சார். அது கிடக்கட்டும்... ஊரையே தொறக்கச் சொல்றீங்களே, நீங்க எழுதின நிரல்ல எத்தினி வரி வெளியிட்டிருக்கீங்க?”

பூஜ்யம். ஆனால் பூஜ்யத்தை வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனசு வரும்? கோபப்படுவது சுலபமாயிற்றே!

“தறிக்கு டிசைன் போடறவாளுக்கெல்லாம் இதைப் பத்தி என்ன தெரியும்?”

அந்தக் கண்கள் கலங்கின. தோழி தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் குழுவுக்கு ஒற்றை வரி வந்தது: ‘திங்கட்கிழமையிலிருந்து நான் இந்தக் குழுவில் இல்லை. நாடா.’

தினமும் எழுந்ததும் யார் பெயரைத் தேடினோம் என்பது ஸ்ரீகருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போய்விட்டால்...? ஞாயிறு காலை ஓடிவந்து, அவள் கடிதத்துக்கே ‘பதில்’ அழுத்தித் தட்டினான்.

‘நான் ஒரு வரிகூட வெளியிட்டதில்லை. நான் எழுதின ஒரே நிரல், ஒரு எழுத்துரு மாற்றி; அதையும் அசிங்கமா இருக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கேன். இத்தோட அனுப்பறேன், சிரிச்சுக்கோங்கோ. அன்னிக்குச் சொன்னது திமிர். மன்னிச்சுடுங்கோ. உங்க கண்ணைப் பாத்ததுலேர்ந்து... எனக்கு எந்த வாதத்துலயும் ஜெயிக்க வேண்டாம். நீங்க போகாம இருந்தா போதும்.’

அனுப்பினான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. குழுவில் வந்த கடிதத்துக்குப் பதில் போட்டால் அது மொத்தக் குழுவுக்கும் போகும். ‘ஒளிவுமறைவே கூடாது’ என்று நாற்பது கடிதம் எழுதி, சண்டை போட்டு, அவனே செய்துவைத்த ஏற்பாடு!

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்...

பதில்கள் கொட்டின. மதுரைக்காரர் ஒருவர், இந்தக் காதல் எந்த உரிமத்தின் கீழ் வெளியாகிறது என்று கேட்டார். பெங்களூர்வாசி ஒருவர், வரிகள் நீளமாக இருப்பதாகக் கண்டித்தார். பேராசிரியர் கலியாணசுந்தரம் நிரலில் பதினான்கு பிழைகளைப் பட்டியலிட்டு, கண்கள் பற்றிய பகுதி தலைப்புக்குத் தொடர்பற்றது என்று முடித்திருந்தார்.

நாடாவிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் மறுபடி மழை. மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம்... நனைந்த தாவணி, கையில் ஒரு ஃபிளாப்பி.

“பதினாலு இல்ல சார், பதினாறு. ரெண்ட வாத்தியாரு பார்க்கல.” அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்.”

அவளே தட்டினாள்: ‘பிழைகள் நீக்கப்பட்டன. எழுதியவர்கள்: ஸ்ரீகர், ஏலவார்குழலி.’

“ஐயோ... இது குழுவுக்குன்னா போறது!”

“தெரிஞ்சிதான் அனுப்புறேன்.”

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்தாள். காதோரம் சிவந்திருந்தது.

“திட்டுறதுக்குக்கூட நீங்க இல்லன்னா ஒரு நாள் போவ மாட்டேங்குதுபா... உங்கள நெனச்சிக்கினு பார்டர்ல யாளிக்கு அஞ்சு கால் வரைஞ்சிட்டேன். என்னா ஆச்சு உனக்குன்னு அப்பா கேக்குறாரு. நான் என்னான்னு சொல்ல?”

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் தெரியாத்தனமாகச் சொன்னதை, ஸ்ரீகர் இப்போது ஒருத்தியிடம் தெரிந்தே சொன்னான்.

“உன்னைத்தான் பிடிச்சிருக்கு, குழலி. உங்கப்பாகிட்ட நானே வந்து சொல்றேன்.”